உப்பளத் தெருக் கூழ் யாருடையது

மரக்காணம்
11.7.2005

மதிப்பிற்குரிய ஜெயா டீச்சருக்கு,

நான் சகாயமேரி. நீங்கள் இரும்பைக்கு மாறிப் போனபின் உப்பளத் தெருப் பள்ளியில் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். உட்கார எங்கே விடுகிறார்கள்? "அது ஜெயா டீச்சர் சேருங்க" என்று மூன்றாம் வகுப்பு பூவிழி முதல் நாளே சொல்லிவிட்டாள். சொந்த ஊர் பொம்மையார்பாளையம். கல்லூரியில் கபடி ஆடியவள். வரும் மே மாதம் வரை எனக்கு இங்கே மாற்றுப் பணி.

போன் செய்தால் உங்கள் வீட்டுக்காரர் எடுத்து, "டீச்சர் வயல்ல இருக்காங்கம்மா" என்கிறார். எப்போது செய்தாலும் வயலில்தான் இருக்கிறீர்கள். அதனால் கடிதம்.

காலைக் கூழ் விஷயமாகத்தான் எழுதுகிறேன். விடியுமுன்பே தாய்மார்கள் உப்பு வாரப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பெட்டிக்கடையில் தொங்கும் கலர் பாக்கெட்டைத் தின்றுவிட்டு வந்து பிரேயரில் மயங்கி விழுவார்கள். நீங்கள்தான் மகளிர் குழு செல்லம்மாளைப் பிடித்துத் தெருவுக்கே பொதுவாகக் கேழ்வரகுக் கூழ் காய்ச்ச வைத்தீர்களாம். உப்பள முதலாளி ஆதிமூலத்திடம் பேசி, அவர் உப்புக் கொட்டும் களத்தில் பாதியைப் பிள்ளைகள் விளையாட வாங்கியதும் நீங்கள்தானாம். இதெல்லாம் தலைமையாசிரியர் சொன்னது. இப்போது ஒரு நாள் கூழ் அடுப்பு எரிந்தால் இரண்டு நாள் எரிவதில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும், "ஜெயா டீச்சர் இருந்தப்ப தானா நடந்துச்சு" என்கிறார்கள். தானாக எப்படி டீச்சர் நடக்கும்? யார் தானியம் தருகிறார்கள், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள்.

பிள்ளைகள் நாளைக்கு நாலு தரம் நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்லட்டும்?

வணக்கத்துடன்,
சகாயமேரி


இரும்பை
22.7.2005

அன்புள்ள சகாயமேரி டீச்சருக்கு,

கபடி ஆடியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். நான் எதுவும் ஆடியதில்லை, எனக்கு முழங்கால் வலி. இருந்தும் ஏழு வருஷம் அந்தப் பள்ளிக்கூடம் நடக்கத்தான் செய்தது.

கேட்டதால் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு வீடு கேழ்வரகு தரும். உப்பு ஆதிமூலம் களத்திலிருந்து வரும், ஒரு பைசா வாங்கமாட்டார். அவரிடம் எதைக் கேட்டாலும் முதலில் "முடியாது" என்பார். அப்போது எழுந்து வந்துவிடக் கூடாது. அவர் வீட்டம்மா மோர் கொண்டுவரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மோர் வந்தால் காரியம் முடிந்தது. செல்லம்மாளிடம் எதையும் கட்டளையாகச் சொல்லாதீர்கள். "எப்படிக்கா செய்யலாம்?" என்று கேளுங்கள், நீங்கள் நினைத்ததை அவளே சொல்வாள். கூழோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு வெல்லம் கொடுத்துப் பழக்கியிருக்கிறேன். அதை விட்டுவிடாதீர்கள். சொல்லப்போனால் எதையுமே மாற்றாமல் இருப்பது நல்லது.

நான் ஆசைப்பட்டு இங்கே வரவில்லை. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை, வீட்டில் பொம்பளை இல்லாமல் முடியாது என்று என் வீட்டுக்காரர் சக்கரபாணி யாரையோ பிடித்து மாறுதல் வாங்கிவிட்டார். ஆர்டரோடு ஜாங்கிரியும் வாங்கிவந்தார். நான் அதைத் தொடவில்லை.

பிள்ளைகளிடம், வருவேன் என்று சொல்லுங்கள்.

ஜெயா


மரக்காணம்
19.9.2005

அன்புள்ள ஜெயா டீச்சருக்கு,

நீங்கள் சொன்ன மோர் வித்தை பலித்தது. களத்தில் ஒரு பக்கம் மணல் கொட்டித் தரச் சொல்லிக் கேட்டேன். முடியாது என்றார். உட்கார்ந்தே இருந்தேன். மோர் வந்தது, மறுநாள் மணலும் வந்தது.

இப்போது பெண் பிள்ளைகள் கபடி ஆடுகிறார்கள். தாய்மார்கள் முதலில் விடவில்லை. "காலு கையி ஒடஞ்சா யாரு கட்டிக்குவா?" என்று செல்லம்மாளே கேட்டாள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, அவளையே ஒரு தரம் பிடித்துக் கவிழ்த்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே எழுந்தவள் மறுநாள் தன் மகளை அனுப்பிவிட்டாள்.

கூழிலும் சின்ன மாற்றம். வெல்லத்தை நிறுத்திவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் சொத்தை. அதற்குப் பதில் முளைகட்டின பயறு. தெருவில் எங்கே பார்த்தாலும் முருங்கை நிற்கிறது, அந்தக் கீரையும் சேர்கிறது. படகுக்காரர் மரியதாஸ் புதன்கிழமை தோறும் நெத்திலி கொடுத்தனுப்புகிறார். சுனாமியின்போது இந்தத் தெரு தன் குடும்பத்துக்குச் சோறு போட்டதாம், அதற்காக. மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்துவிட்டு, மற்றப் பள்ளிகளும் இப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். தெருவில் இப்போது "மேரி டீச்சர் கூழ்" என்கிறார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பூவிழி இப்போது பாக்கெட் தின்பதில்லை. நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்பதும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அன்புடன்,
சகாயமேரி


இரும்பை
3.10.2005

சகாயமேரி டீச்சருக்கு,

கூச்சமாக இருக்கிறதா? இருக்காதா பின்னே! ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறினால் கொஞ்சம் கூசத்தான் செய்யும்.

அந்தக் கூழுக்கு முதல் வருஷம் ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. "கூழு குடிக்கிற வீடுன்னு சொல்லுவாங்க டீச்சர்" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அவர்கள் நடுவில் தரையில் உட்கார்ந்து தினமும் குடித்தேன். வெல்லத்தைக் காட்டித்தான் ஒவ்வொரு வாயாகத் திறக்க வைத்தேன். அந்த வெல்லத்தை நீங்கள் ஒரு வரியில் நிறுத்திவிட்டீர்கள். நானிருந்த காலத்தில் எந்த அதிகாரியும் வந்ததில்லை, போட்டோவும் எடுத்ததில்லை. நோகாமல் நோன்பு கும்பிடுவது என்பார்களே, அது இதுதான்.

எனக்கு வயிறு எரிகிறது. அதை எதற்கு மறைக்க வேண்டும்? கடிதத்தைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை. சக்கரபாணி, "அந்தப் பள்ளிக்கூடம் என்ன ஒங்கப்பன் ஊட்டு சொத்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது. என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஜெயா


இரும்பை
20.1.2006

அன்புள்ள சகாயமேரிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து கிடைத்தது. பதில் போட நாளாகிவிட்டது. அக்டோபரில் ஏதோ கோபத்தில் எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ எனக்குத் தங்கை வயது, இனி "நீ" என்றே எழுதுகிறேன்.

மழையில் உப்பள வேலை நின்ற மாதங்களிலும் நீ கூழை நிறுத்தவில்லை என்று கேள்விப்பட்டேன். கெட்டிக்காரிதான்.

பொங்கல் சீராக ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். எல்லாம் சுவரில் மாட்டும் படங்கள். கை கழுவுவது, கீரை வகை, காலையில் ஓடுவது, பல் தேய்ப்பது. ஐந்தாவதாகப் பெரிய படம் ஒன்று, 'உப்பைக் குறைப்போம், நலமாய் வாழ்வோம்' என்று சிவப்பு எழுத்தில். இங்கே என் வகுப்பில் மாட்டியதில் ஊறுகாயும் அப்பளமுமாகத் தின்ற பிள்ளைகள் நன்றாகக் குறைத்துக்கொண்டார்கள். நீ அதை உள்ளே மாட்டாதே, வகுப்புக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? வாசலில் மாட்டு. களத்துக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லார் கண்ணிலும் படும்.

அன்புடன்,
ஜெயா அக்கா


மரக்காணம்
27.2.2006

ஜெயா டீச்சருக்கு,

நாளை மறுநாள் சாம்பல் புதன். தவக்காலத்தில் யார்மேலும் கோபப்படக் கூடாது என்று எங்கள் சாமியார் சொல்லியிருக்கிறார். அதனால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் சொன்ன இடத்திலேயே படத்தை மாட்டினேன். எனக்குக் கொஞ்சமாவது மூளை இருக்க வேண்டும், இல்லை. நான் கடலோரத்தில் வளர்ந்தவள். உப்பு எனக்குக் கடையில் வாங்கும் சாமான். எனக்கு வந்த கட்டில் ஐந்து படம் இருந்தது, ஐந்தும் நல்ல விஷயம், அதனால் ஐந்தையும் மாட்டினேன்.

மறுநாள் காலையில் ஆதிமூலம் வந்து வாசலில் நின்றார். எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தார். "என் களத்துல ஆடறீங்க. என் உப்பப் போட்டுக் கூழு குடிக்கிறீங்க. என் உப்பையே கொறைங்கன்னு வாசல்ல எழுதி மாட்டுவியா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு புள்ளைங்களுக்குப் பாடம் இல்லியாம்மா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் களத்தின் படலைச் சாத்திப் பூட்டுப் போட்டுவிட்டார். மோர் வரும் வரை உட்காரலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். மோர் வரவில்லை.

அவராவது பரவாயில்லை. செல்லம்மாள் உப்பளத்திலிருந்து கூடையோடு நேரே வந்தாள். சும்மாடு தலையில் அப்படியே இருந்தது. "நாங்க சொமக்கற உப்பு வெஷமா டீச்சர்? ஒலகமே உப்பக் கொறைச்சிட்டா எங்களுக்கு எவன் கூலி குடுப்பான்?" என்று கேட்டாள். மறுநாள் அடுப்பு மூட்டவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. படத்தை அன்றே கழற்றிவிட்டேன், கழற்றி என்ன பயன்? பூவிழி இன்று ஆரஞ்சு நிற நாக்கோடு வந்தாள். பாக்கெட்தான். கணக்கு போடும்போது மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

எனக்குத் தெரியாது, சரி. அந்தத் தெருவில் ஏழு வருஷம் உப்புக் கூடைகளுக்கு நடுவில் நடந்த உங்களுக்குமா தெரியாது?

சகாயமேரி


இரும்பை
4.3.2006

சகாயமேரிக்கு,

தெரியும். எழுதும்போதே தெரியும்.

உன்னை அங்கே நாலு பேர் திட்ட வேண்டும். திட்டும்போது, "ஜெயா டீச்சர் இருந்தா இப்பிடி நடக்குமா?" என்று ஒருத்தியாவது சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பிள்ளைகள் வயிற்றில் அடிக்க நான் நினைக்கவில்லை. ஒருநாள் சண்டை, மறுநாள் சமாதானம் என்று போய்விடும் என்றிருந்தேன்.

சொன்னார்களா? மறைக்காமல் எழுது.

இங்கே நன்றாக நடக்கிறது என்று எழுதினேனே, அது பொய். கூழ் காய்ச்சலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். "எங்க புள்ளைங்க பட்டினியா கெடக்குதுன்னா சொல்ற? எங்கூட்ல குதிரு நெறைய நெல்லு இருக்குது" என்று எழுந்து போய்விட்டார்கள். சோறு இல்லாத வீடு இங்கே இல்லை, வாஸ்தவம்தான். ஆனால் பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்து மிக்சர் தின்றுவிட்டு, ஷேர் ஆட்டோவில் திரும்பிப் போகிறார்கள். ஓடு என்றால் என் முழங்காலைப் பார்க்கிறார்கள். ஊறுகாயைக் குறைத்தார்கள் என்று எழுதியதும் பொய்தான்.

நான் வந்து ஒரு வார்த்தை சொன்னால் ஆதிமூலம் களத்தைத் திறப்பார். செல்லம்மாள் அடுப்பை மூட்டுவாள். வருகிறேன். ஆனால் "வாங்க" என்று உன் கையால் நீ எழுத வேண்டும். இன்னொன்றையும் தெரிந்துகொள். மே மாதக் கலந்தாய்வில் உன் இடம் காலி என்றுதான் காட்டுவார்கள். எனக்கு சர்வீஸ் அதிகம், கேட்டால் எனக்குத்தான் கிடைக்கும். கேட்கப் போகிறேன். விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டேன்.

ஜெயா


மரக்காணம்
9.3.2006

ஜெயா டீச்சருக்கு,

வாங்க.

எழுதிவிட்டேன், போதுமா? உங்களுக்காக இல்லை, பூவிழிக்காக.

சொன்னார்கள். ஒருத்தி இல்லை, தெருவே சொன்னது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

சகாயமேரி


மரக்காணம்
19.3.2006

ஜெயா டீச்சருக்கு,

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை வரை வந்தீர்களாம். பள்ளிக்கூட வாசல் வரை வந்தீர்களாம். என்னைப் பார்க்காமலே திரும்பிவிட்டீர்கள். நான் களத்தில் விசிலோடு நின்றுகொண்டிருந்தேன், யாரோ சொல்லித்தான் தெரிந்தது. ஓடி வந்தேன், பஸ் போய்விட்டது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு "வாங்க" என்று தபாலில் போட்ட அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தம்மா வந்து ஒரு வார்த்தை சொல்லி அடுப்பு எரிய வேண்டுமா என்று இருந்தது. மறுநாள் செல்லம்மாளையும் இழுத்துக்கொண்டு மறுபடி ஆதிமூலம் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். அவர் இலையில் உட்கார்ந்தபடியே "முடியாது" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். செல்லம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவர் குழம்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, உள்ளே பார்த்து, "இன்னிக்காவது ஒரு சிட்டிக போட்டிருக்கக் கூடாதா?" என்று முணுமுணுத்தார்.

வீட்டம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "எதப் போடறது? பிபி ஏறிப் போய் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தப்ப டாக்டரு என்ன சொன்னாரு? நாலு வருஷமா இந்த மனுஷனுக்கு உப்பில்லாமத்தான் ஆக்கிப் போடறேன். இவுரு போயி புள்ளைங்க களத்தப் பூட்டிட்டு வராராம்!" என்றார்.

செல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை, சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். அந்த மனிதரும் எத்தனை நேரம்தான் முறைப்பார்? கடைசியில் அவரும் சிரித்துவிட்டு, "வெளியில சொல்லாதீங்கம்மா, உப்பு யாவாரம் கெட்டுப்பூடும்" என்று சாவியைத் தூக்கிப் போட்டார். மோரும் வந்தது. அதிலும் உப்பில்லை.

திரும்பி வரும் வழியில் செல்லம்மாள், "நாம வாரற உப்பு ஊருக்கு டீச்சர். நம்ம புள்ள வாயில எவ்ளோ போடறதுன்னு நாமதான பாக்கணும்?" என்றாள். மறுநாளே கூழ் காய்ச்சினாள். உப்பைக் கொஞ்சம் குறைத்தே போட்டாள்.

இதெல்லாம் நீங்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே முடிந்துவிட்டது. உங்களுக்கு எழுதியிருக்கலாம். ஒரு கார்டு போட்டிருந்தால் வெயிலில் வந்திருக்கமாட்டீர்கள். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நீங்கள் வந்து கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வந்த நாளிலிருந்து ஜெயா டீச்சர், ஜெயா டீச்சர் என்று கேட்டுக் கேட்டு எனக்கும் வயிறு எரிந்துதான் கிடந்தது. படம் அனுப்பியது நீங்கள் என்றால், கார்டு அனுப்பாதது நான். தவக்காலத்தில் இப்படிச் செய்தேன்.

ஒன்று கேட்கிறேன், கேட்பதில் எனக்கு வெட்கமில்லை. எனக்கு இந்த இடம் வேண்டும். இந்தப் பிள்ளைகள் வேண்டும். மே மாதம் நீங்கள் கேட்டால் உங்களுக்குத்தான் கிடைக்கும், நான் எங்கேயோ திண்டிவனம் பக்கம் போய் விழுவேன். கேட்கப் போகிறீர்களா?

சகாயமேரி


இரும்பை
7.4.2006

சகாயமேரிக்கு,

அன்றைக்கு நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தேன். ஆதிமூலத்திடம் என்ன பேசுவது என்று பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். கைப்பையில் கலந்தாய்வு விண்ணப்பம். தலைமையாசிரியரிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்ற எண்ணம்.

தெருமுனையில் செல்லம்மாள் காலி அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சர்" என்று ஆசையாய்த்தான் எழுந்து வந்தாள். வந்த காரியத்தைச் சொன்னேன். "அட, அதுக்கா வெயில்ல வந்தீங்க? அது அன்னிக்கே முடிஞ்சி போச்சே! ஒக்காருங்க, ஒரு டம்ளர் கூழு மிச்சம் இருக்குது" என்றாள். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தாள். குடித்தேன். நன்றாக இருந்தது. என் கூழைவிட நன்றாக இருந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் எழுதிவிட்டேன்.

ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். "யாரு நீங்க?" என்றான்.

அப்புறம் பள்ளிக்கூட வாசலில் பூவிழி பார்த்துவிட்டாள். "டீச்சர்!" என்று கத்திக்கொண்டு வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதற்காகத்தானே வந்தோம் என்று நினைத்தேன். அப்போது களத்திலிருந்து உன் விசில் கேட்டது. என் கையை விட்டுவிட்டு ஓடிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் இருந்த காலத்தில் அந்தப் பிள்ளை அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தூண் ஓரமாக உட்கார்ந்தே இருப்பாள்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். நீ புடவையைச் செருகிக்கொண்டு அவர்களோடு ஓடினாய். அதற்குமேல் பார்க்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

மே மாதம் நான் அந்த இடத்தைக் கேட்கப் போவதில்லை. என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்து நன்றி கின்றி எழுதிவிடாதே, பற்றிக்கொண்டு வரும். வந்த நாளிலிருந்து உன்னை என்னோடு வைத்துப் பார்த்துப் பேசினார்கள், நீ பொறுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாய். நான் திரும்பி வந்தால் என்னை உன்னோடு வைத்துப் பார்ப்பார்கள். "மேரி டீச்சர் இருந்தப்ப" என்று ஒரு வாய் சொன்னாலும் எனக்குத் தாங்காது. விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன். சக்கரபாணி கேள்விப்பட்டதும் மறுபடி ஜாங்கிரி வாங்கிவந்தார். இந்தத் தரம் ஒன்று எடுத்துக்கொண்டேன், பாதிதான்.

இங்கே புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். கூழ் இல்லை. ஆட்டோவில் வரும் பிள்ளைகளைப் பாதி வழியில் இறக்கிவிட்டு நடந்து வரச் சொல்வதற்கு ஆட்டோக்காரர் குப்புசாமியைப் பேசிச் சரிக்கட்டியிருக்கிறேன். மிக்சருக்குப் பதில் வறுத்த மல்லாட்டைக் கடலை, வெள்ளரிப்பிஞ்சு. அவரவர் வயலில் விளைந்ததைக் கொடுங்கள் என்றதும் பெற்றோருக்கு ரோஷம் வந்து மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். ஆனால் நடந்து வந்த பிள்ளைகளை ஓட வைக்க என் காலால் முடியவில்லை. ஒரு சனிக்கிழமை நீ வந்து கபடி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போ. விசிலைக் கொண்டுவா. சாப்பாடு என் வீட்டில்தான், உப்பு அளவாகப் போடுகிறேன்.

ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு நாள்தான். கற்றுக்கொடுத்ததும் கிளம்பிவிட வேண்டும். என் பிள்ளைகளோடு ரொம்பச் சிரித்துப் பேசாதே. யாராவது உன் பெயரைக் கேட்டால் சொல்லாதே.

ஜெயா